செத்த வில்லனுக்குக் கொழும்பில் ஒரு மகன்

இந்த முறை நாம் எடுத்துக்கொண்டது புதுப்படம் அல்ல. 2018 செப்ரெம்பர் 21 இல் வெளிவந்த 'சாமி ஸ்கொயர்'. இயக்குநர் ஹரி, கதாநாயகன் விக்ரம். அன்றைக்கே பார்த்து அன்றைக்கே மறந்துவிட்டோம் என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், கோபிக்கமாட்டோம்.

ஆனால் கேட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களின் நிலைமை வேறு. வந்த முதல் மாதம் வீட்டில் கட்டில் இராது, சாப்பாட்டு மேசை இராது. இன்ரநெற் வந்துவிடும், பழைய தொலைக்காட்சி ஒன்றை யாராவது கொண்டுவந்து தந்திருப்பார்கள். கார் இல்லாமல் இந்த ஊரில் எங்கே போவது? ஐ-10 நெடுஞ்சாலையை யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே சனி, ஞாயிறு முழுக்கப் படம். அண்மையில் நாம் போன மூன்று வீடுகளில் இரண்டில் இந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் இதைப் போட்டீர்கள் என்று கேட்டால், "முதல் சாமி நல்ல படமல்லோ, அதுதான்" என்றார்கள்.

அந்தப் பதிலில் எல்லாம் இருக்கிறது. பெயர் தெரிந்த படத்துக்குப் போனால் காசு வீண்போகாது என்று நாம் நினைக்கிறோம். கேட்டி மில்ஸ் கடைத்தொகுதித் தியேட்டருக்கு நாலு பேராகப் போய், ரிக்கற்றும் எடுத்து, பிள்ளைகளுக்குச் சோளப்பொரியும் வாங்கினால் ஒரு ஷிப்ற்றின் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும். அதனால் தெரியாத பெயரை விட்டுவிட்டுத் தெரிந்த பெயருக்குப் போகிறோம். படம் எடுக்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

முதல் 'சாமி' வந்தது 2003 மே 1 இல். கே. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் எடுத்தது. ஹரிக்கு அது இரண்டாவது படம். அப்பொழுது எமது நாட்டில் சமாதான காலம். 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கொழும்பிலிருந்து லொறிகளில் சீனி, சீமெந்தோடு சினிமாச் சீடிகளும் யாழ்ப்பாணம் வந்தன. கரண்ட் இல்லாத ஊர்களில் ஜெனரேற்றர், டெக், ரி.வி. என்று எல்லாவற்றையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, வாசிகசாலை முற்றத்தில் விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். 'சாமி' பெரும்பாலும் இரண்டாவது படம். நித்திரை தூங்குகிறவர்கள் எழும்புவதற்கென்று நடுவில் போடுவது.

படத்தில் என்ன இருந்தது? ஆறுச்சாமி என்ற பொலிஸ் அதிகாரி திருநெல்வேலிக்கு வருகிறான். அந்த ஊரைக் கையில் வைத்திருப்பவன் பெருமாள் பிச்சை. அவனோடு உடனே மோத முடியாது. ஆகவே ஆறுச்சாமி அவனிடம் பணத்தை வாங்குகிறான், உன் தொழிலை நீ பார், ஊரில் கலவரம் மட்டும் வரக்கூடாது என்று ஒரு பேரம் பேசுகிறான். இட்லிக்குச் சாம்பாருக்குப் பதில் பியரை ஊற்றிச் சாப்பிடுகிற ஆள். நல்லவனா கெட்டவனா என்று கொஞ்ச நேரம் எமக்கே சந்தேகம் வரும். கடைசியில் பெருமாள் பிச்சையைச் செங்கல் சூளையில் வைத்து ஒருவருக்கும் தெரியாமல் முடித்துவிட்டு, அவன் தலைமறைவாகிவிட்டான், தேடுகிறோம் என்று அறிவிக்கிறான். பார்க்கிற எமக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த இரகசியத்தை வீட்டுக்குக் கொண்டுபோனோம். பெருமாள் பிச்சையாக வந்த கோட்டா சீனிவாசராவ் 2025 யூலையில் காலமானார். அந்த மனிதரின் கண்ணும் சிரிப்பும் இல்லாவிட்டால் ஆறுச்சாமிக்குப் பாதி மதிப்புத்தான்.

எமக்கு அந்தப் படம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறுச்சாமி தமிழ் பேசுகிற பொலிஸ்காரன். தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் என்ன புதினம் என்று தோன்றும். எமது பக்கத்தில் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனால் நாம் தமிழில் சொல்லுவோம், அவர் சிங்களத்தில் எழுதுவார், எழுதியதை வாசிக்கத் தெரியாமலே கீழே கையெழுத்து வைத்துவிட்டு வருவோம். காக்கி உடுப்புப் போட்ட ஒருவன் எமது மொழியில், எமக்காகக் கத்துகிறான் என்பதே எமக்குப் பெரிய படமாக இருந்தது. வாசிகசாலை முற்றத்தில் விசில் அடித்தவர்கள் எல்லோரும் விக்ரமுக்காக மட்டும் அடிக்கவில்லை.

சரி, இரண்டாவதுக்கு வருவோம்.

பெருமாள் பிச்சை செத்துச் சாம்பலாகிவிட்டான். அவனைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்படியானால் என்ன செய்வது? அவனுக்கு மகன் ஒருவன் இருந்தான் என்று சொல்லிவிட்டால் போயிற்று. முதல் படத்தில் இல்லாத மகன். பெயர் இராவணப் பிச்சை. நடித்தவர் பாபி சிம்ஹா. தகப்பனைத் தேடிக்கொண்டு வந்து ஆறுச்சாமியையும் அவன் மனைவியையும் கொன்றுவிடுகிறான். ஆறுச்சாமிக்குப் பிறந்த பிள்ளை தப்பி வளர்ந்து, பொலிசாகி, பழிவாங்க வருகிறது. பிள்ளையும் விக்ரம்தான். பெயர் இராமசாமி. ஒரு பக்கம் இராமன், மற்றப் பக்கம் இராவணன். முடிவு என்ன என்று கேட்பதற்குப் படம் பார்க்கத் தேவையில்லை.

கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விசயம். முதல் படம் 2003, இரண்டாவது 2018. இடையில் 15 வருடம். இந்தியாவில் ஐ.பி.எஸ். பரீட்சை எழுத 21 வயதாவது வேண்டும். முதல் படத்தின் முடிவில் பிறக்காத பிள்ளை எப்படி ஐ.பி.எஸ். ஆனது? ஹரியின் படங்களில் வாகனம் மட்டும்தான் வேகமாகப் போகும் என்று நினைத்திருந்தோம், பிள்ளைகளும் வேகமாகத்தான் வளர்கின்றன.

திரிஷா முதல் படத்தில் புவனாவாக வந்தவர். இரண்டாவதிலும் நடிப்பதாக இருந்து, 2017 ஒக்ரோபரில் விலகிவிட்டார். ஆகவே புவனா இப்போது ஐஸ்வர்யா ராஜேஷ். நல்ல நடிகை, ஆனால் சாவதற்கென்றே கூட்டிவந்த பாத்திரம். மகனுக்குச் சோடி கீர்த்தி சுரேஷ். விவேக்கின் இடத்தில் சூரி. ஹரிஸ் ஜெயராஜின் இடத்தில் தேவி ஸ்ரீ பிரசாத். முதல் 'சாமி'யையும் 'சிங்கம்' படங்களையும் ஒளிப்பதிவு செய்த பிரியன் இந்தப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே 2017 நவம்பரில் மாரடைப்பால் இறந்துபோனார். இத்தனை பேர் மாறிய பிறகு மிஞ்சியது விக்ரமின் மீசையும் பின்னணிச் சத்தமும்தான். எந்தக் காட்சியும் மூன்று செக்கனுக்கு மேல் நிற்பதில்லை. ஒருவர் தேநீர் குடித்தாலும் கமெரா ஓடிப்போய் மோதுகிறது.

செத்த வில்லனுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது ஹரியின் கண்டுபிடிப்பு அல்ல. 'டை ஹார்ட்' முதல் படத்தில், 1988 இல், கட்டடத்திலிருந்து விழுந்து சாகிறவனுக்கு 1995 இல் வந்த மூன்றாவது படத்தில் ஒரு சகோதரன் வருகிறான். வேலையிடத்தில் இடைவேளைக்கு இருந்து படக்கதை பேசினால் மெக்சிக்கோக்காரரும் சிரித்துக்கொண்டு இதைத்தான் சொல்லுவார்கள், எல்லா வில்லனுக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான் என்று. இரண்டாம் பாகம் என்றாலே இப்படித்தான் என்று விட்டுவிடவும் முடியாது. 1984 இல் 'ரேர்மினேற்றர்' வந்தபோது ஆர்னோல்ட் கொலை செய்ய வந்த இயந்திரம். 1991 இல் இரண்டாவது வந்தபோது அதே முகம், அதே கறுத்தக் கண்ணாடி, ஆனால் இந்த முறை பிள்ளையைக் காப்பாற்ற வருகிறது. முதல் படத்தில் பயந்து ஓடிய தாய் அந்த முகத்தைக் கண்டதும் நடுங்குகிறாள். பழையதை வைத்துக்கொண்டே புதிதாக ஒன்று செய்தார்கள். ஹரிக்கும் அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது. ஆறுச்சாமி ஒரு கொலையை மறைத்தவன். அந்தப் பொய் பதினைந்து வருடம் கழித்து அவன் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன நடக்கும்? அவன் செய்தது சரியா என்று மகன் கேட்டால்? அந்தக் கதையை விட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டார்கள்.

இனி எமது தனிக் கணக்குக்கு வருவோம். இராவணப் பிச்சை எங்கேயிருந்து வருகிறான்? கொழும்பிலிருந்து.

ஏன் கொழும்பு? தூத்துக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்திருக்கலாம். கதையில் ஒன்றும் குறையாது. வில்லனை முதல் படத்தைவிடப் பெரியவனாகக் காட்டவேண்டும், பெரியவனாகக் காட்டத் தூரத்திலிருந்து வரவேண்டும், அதுதான் கணக்கு. 'சிங்கம்' படங்களைப் பாருங்கள். 2010 இல் வந்த முதல் படத்தில் வில்லன் சென்னைக்காரன், மயில்வாகனம். (மயில்வாகனம் என்ற பெயரில் எமது ஊரில் எத்தனை சாந்தமான வாத்தியார்கள் இருந்தார்கள்!) 2013 இல் இரண்டாவதில் ஆபிரிக்காவிலிருந்து போதைப்பொருள் கடத்துகிறவன். 2017 இல் மூன்றாவதில் அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு இந்தியாவில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் பயமாக இருந்தது யார்? பக்கத்து ஊர் மயில்வாகனம்தான். அந்தச் சண்டை எதில் தொடங்கியது என்று ஞாபகம் இருக்கிறதா? பிணையில் வந்தவன் நல்லூர் என்ற கிராமத்துப் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். தான் வராமல் வேறொருவனை அனுப்புகிறான். துரைசிங்கம் விடமாட்டேன், நீயே வா என்கிறான். ஒரு கையெழுத்துத்தான். குறித்த நாளில் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவது என்றால் என்ன என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு முகாமில் இருந்து வந்தவர்களுக்கும் தெரியும், இங்கே வழக்கு முடியாமல் இருப்பவர்களுக்கும் தெரியும். பெரிய மனிதன் ஒருவன் அந்த வரிசையில் நிற்கவேண்டி வந்ததைப் பார்த்துத்தான் சனம் கைதட்டியது. அதற்கு அவுஸ்திரேலியா தேவைப்படவில்லை.

கொழும்பு என்ற பெயர் திரையில் வந்தவுடன் நாம் போயிருந்த வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்த்துக் கேட்டது:

"அப்பா, இவர் எங்கட ஆளா?"

"இல்லைக் குஞ்சு, இது சும்மா படம்."

"அப்ப ஏன் அங்கயிருந்து வாறார்?"

தகப்பனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எமக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இலங்கை ஞாபகமே இல்லை. பாடசாலையில் உன் நாடு எது என்று கேட்டால் உலகப் படத்தில் சின்னத் துளி ஒன்றைக் காட்டுமாம். அந்தத் துளியிலிருந்து ஒருவன் வருகிறான் என்று முதன்முதலாகத் தமிழ்ப்படத்தில் பார்க்கிறது, அவன் கர்ப்பிணிப் பெண்ணைக் கொல்லுகிறான்.

பெயரையும் பாருங்கள். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் இராவணன் வெட்டைப் பார்த்திருப்பீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் தாயின் கடமை செய்வதற்காக இராவணன் உண்டாக்கியவை என்று எமது ஆச்சிமார் சொல்லுவார்கள். சித்திரா பௌர்ணமிக்குத் தாய்க்குத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு இராவணன் தாயை மறக்காத பிள்ளை. சிங்கள மக்களிலும் பலர் அவனைத் தங்கள் அரசன் என்கிறார்கள். 2019 இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கு 'இராவணா-1' என்று பெயர் வைத்தார்கள். தீவில் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் போனவுடன் அது வில்லனின் பெயர்ப் பலகையாகிவிடுகிறது.

ஹரியின் 'சிங்கம்' 2011 இல் ஹிந்திக்குப் போய் 'சிங்கம்' என்ற பெயரிலேயே அஜய் தேவ்கனை வைத்து ஓடியது. அதற்கும் பாகங்கள் வந்தன. 2024 தீபாவளிக்கு வந்த 'சிங்கம் அகெய்ன்' படத்தில் வில்லனின் பட்டப்பெயர் 'டேஞ்சர் லங்கா'. பொலிஸ்காரனின் மனைவியைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் போகிறான். வெளிப்படையாகவே இராமாயணத்தைச் சொல்லிச் சொல்லி எடுத்திருக்கிறார்கள். எந்த மொழிக்குப் போனாலும் இந்தச் சூத்திரம் சுற்றிச் சுற்றி எமது வாசலில்தான் வந்து நிற்கிறது. இத்தனைக்கும் 'சாமி ஸ்கொயர்' வந்தபோது போர் முடிந்து ஒன்பது வருடம். காணாமற்போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி தொடக்கம் வீதியோரத்தில் இருந்துகொண்டிருந்தார்கள். கொழும்பு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே மனிதரும் இருக்கிறார்கள் என்பது தெரியாமல் போயிற்று.

எமது சனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நல்லபடி எடுத்ததே இல்லையா என்றால் இருக்கிறது. 2002 இல் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. 2025 மே 1 இல், அதாவது 'சாமி' வந்து சரியாக 22 வருடம் கழித்து, அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் இயக்குநரின் முதல் படம் 'ரூரிஸ்ற் பமிலி'. சசிகுமாரும் சிம்ரனும் பிள்ளைகளோடு வள்ளத்தில் வந்து சென்னையில் வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். அயலவர்களோடு பேச்சை மறைத்துப் பேசப் பார்க்கிறார்கள். அந்தப் பேச்சு முழுக்க எமது பேச்சு என்று சொல்லமாட்டோம், சில இடத்தில் சிரிப்பு வருகிறது. இருந்தாலும் அதில் வருகிறவர்கள் சமைக்கிறார்கள், வேலை தேடுகிறார்கள், செத்த வீட்டுக்குப் போய் நிற்கிறார்கள்.

பொலிஸ் விசயத்தையும் சொல்லவேண்டும். 2020 யூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்ற வியாபாரியையும் அவருடைய மகன் பென்னிக்சையும் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் பொலிசார் பிடித்துப் போனார்கள். நிலையத்தில் வைத்து அடித்த அடியில் இருவரும் சில நாட்களுக்குள் இறந்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி என்றால் ஹரியின் கதாநாயகர்கள் ஓடித் திரிந்த அதே மண். அந்த மாதமே ஹரி ஓர் அறிக்கை விட்டார். பொலிசைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். இரண்டு 'சாமி', மூன்று 'சிங்கம்'. கோடிக்கணக்கில் உழைத்த படங்களைப் பற்றி எடுத்தவரே இப்படிச் சொல்லுவது சினிமாவில் அடிக்கடி நடப்பதில்லை. அதற்காக அவரை மதிக்கிறோம்.

விசாரணையில்லாமல் சுடுவதையும் பூட்டிவைத்து அடிப்பதையும் இசையோடு பார்த்தால் வீரம். எமது வாசகர்களில் பலர் அந்த அறைக்குள் இருந்து வந்தவர்கள், இசையில்லாமல் பார்த்தவர்கள். 2003 இல் நாமும் விசில் அடித்தோம். அடித்ததற்குக் காரணத்தை மேலே எழுதியிருக்கிறோம். முதல் படத்தில் ஆறுச்சாமிக்குப் பயம் இருந்தது, பேரம் இருந்தது, மேலதிகாரி இருந்தார். இரண்டாவதில் இராமசாமிக்கு ஒன்றும் இல்லை. தேவைப்படும் இடத்துக்கு வருகிறான், அடிக்கிறான், போகிறான். எமது ஊரில் வந்து அடித்துவிட்டுப் போனவர்களும் இப்படித்தான், யாருக்கும் பதில் சொல்லவேண்டி இருக்கவில்லை.

அந்த அறிக்கைக்குப் பிறகு ஹரி 2022 இல் 'யானை'யும் 2024 இல் 'ரத்னம்' படமும் எடுத்தார். இரண்டிலும் கதாநாயகன் பொலிஸ் இல்லை. அரிவாள் மட்டும் குறையவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 'சாமி ஸ்கொயர்' பார்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விசயம். படம் இரண்டரை மணி நேரம். கடைசி அரை மணி நேரமும் சண்டை. மாடி வீட்டில் இருப்பவர்கள் இரவு ஏழு மணிக்கு முன் தொடங்கிவிடுங்கள். நாம் போயிருந்த வீட்டில் ஒன்பதரைக்குப் போட்டார்கள், இராவணப் பிச்சை சாவதற்கு முன்னரே கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிக்கத் தொடங்கிவிட்டார்.